'தி பெஸ்ட் ஆஃபர்': கிளேர் உண்மையில் காதலித்தாளா?

கேள்வி இது: "ஜுசெப்பே தோர்னத்தோரேயின் 'தி பெஸ்ட் ஆஃபர்' பார்த்து முடித்தேன். கிளேருக்கு அந்தக் கிழவர் மேல் கொஞ்சமாவது காதல் இருந்ததா, எல்லாமே நடிப்பா? கடைசிக் காட்சியில் அவர் யாருக்காகக் காத்திருக்கிறார்? இவ்வளவு பெரிய மோசடிக்குப் பிறகு ஏன் போலீசுக்குப் போகவில்லை?"

மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் கதையை முழுக்க உடைக்காமல் முடியாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவு தெரிந்துவிட்டால் பாதிச் சுவை போய்விடுகிற படம் இது. மீதிப் பாதி முடிவு தெரிந்த பிறகுதான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் வேறு உருவம் எடுக்கும்.

வெர்ஜில் ஓல்ட்மேன் யார் என்று படம் முதல் இருபது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவின் பெரிய ஏலக்காரர்களில் ஒருவர். ஓவியம், மரச்சாமான், சிற்பம் எதைக் காட்டினாலும் அசலா போலியா என்று சொல்லிவிடுவார், அவர் சொன்னால் உலகம் நம்பும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று அவர் சுத்தியல் தட்டினால் விலை முடிந்தது. ஆனால் வீட்டில் ஒரு ரகசிய அறை இருக்கிறது. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, பெண்களின் உருவப்படங்கள். பல நூற்றாண்டுப் பெண்கள், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு. இவற்றை அவர் எப்படிச் சேர்த்தார்? மதிப்புள்ள ஓவியம் ஒன்று ஏலத்துக்கு வரும்போது அதைச் சாதாரணமானது என்றோ நகல் என்றோ சான்றிதழ் எழுதிவிடுவார். விலை இறங்கிவிடும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய நண்பன் பில்லி கையைத் தூக்கி அதை எடுப்பான். பிறகு அது வெர்ஜிலின் அறைக்கு வந்து சேரும்.

இதற்குப் படத்தில் வரும் உதாரணம் பெட்ரஸ் கிறிஸ்டஸ் வரைந்த இளம்பெண்ணின் உருவப்படம். அது நிஜத்தில் இருக்கும் ஓவியம். பதினைந்தாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1470இல், புரூஜ் நகரத்து ஓவியர் வரைந்தது. இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்துக்குள் வெர்ஜில் அதைப் பிற்காலத்துப் போலிக்காரன் ஒருவனின் வேலை என்று அறிவித்து அடிமட்ட விலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார். அந்த ஓவியத்தில் இருக்கும் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால், நம்மை நம்பாத பார்வை பார்க்கிறாள். இயக்குநர் வேறு எந்தப் பெண்ணையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். இவளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தன் மாளிகைச் சாமான்களை மதிப்பிட வெர்ஜிலை அழைப்பவள்தான் கிளேர். திறந்தவெளிக்கு அஞ்சிச் சுவருக்குப் பின்னாலேயே வாழ்வதாகச் சொல்கிறாள். அவர் அவளைக் காதலிக்கிறார். கடைசியில் அவளும் பில்லியும் கூட்டாளி ராபர்ட்டும் ஓவியங்களை அள்ளிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். ஆக, அறை காலியாகிறபோது காணாமல் போனது வெர்ஜிலின் சொத்தா? சட்டப்படி பார்த்தால் அது அவர் வாடிக்கையாளர்களை ஏமாற்றிச் சேர்த்த திருட்டுப் பொருள். காவல் நிலைய வாசல் வரைக்கும் அவர் போகிறார். உள்ளே போய் என்ன சொல்வார்? எந்தெந்த ஓவியம், எந்த விலைக்கு, யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் எங்கே போய்க் கத்துவான்? இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மோசடிக்காரர்கள் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இது ஒரு காரணம். வாசலில் நிற்கும்போது படம் கிளேரோடு அவர் இருந்த நேரங்களை வெட்டி வெட்டிக் காட்டுகிறது. புகார் கொடுத்தால் அவளும் மாட்டுவாள் என்பது இரண்டாவது காரணம். எது பெரிய காரணம் என்று படம் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மோசடியின் அமைப்பைப் பாருங்கள். வெர்ஜில் வாழ்நாள் முழுக்க அசலைப் போலி என்று சொல்லிச் சம்பாதித்தார். இவர்கள் போலியை அசல் என்று அவரை நம்பவைத்தார்கள். ஒரே வித்தை, திசைதான் வேறு. அதனால்தான் இதை "ஏமாந்த காதலன் கதை" என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொழில் தெரிந்த ஒருவனை அவன் தொழிலின் கருவிகளைக் கொண்டே வீழ்த்துகிற கதை இது.

மோசடிக்காரர்களில் மூளை பில்லிதான் என்பது என் கணிப்பு. படம் நேரடியாகச் சொல்லாவிட்டாலும் தடயங்கள் அங்கேதான் போகின்றன. பில்லி ஓவியன் ஆக நினைத்தவன். வெர்ஜில் அவனுக்கு அந்த அங்கீகாரத்தைக் கொடுக்கவே இல்லை. தூரிகை பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே ஒரு மர்மம் வேண்டும், அது உன்னிடம் இல்லை என்கிற மாதிரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். மனித உணர்வுகளும் கலைப்படைப்புகளைப் போலத்தான், அவற்றையும் போலியாகச் செய்ய முடியும், மகிழ்ச்சி, வலி, நோய், குணமடைதல், காதல்கூட என்று பில்லி ஓரிடத்தில் வெர்ஜிலிடமே சொல்கிறான். நோயையும் குணமடைதலையும் அவன் பட்டியலில் சேர்த்ததைக் கவனியுங்கள். கிளேரின் திறந்தவெளி அச்சமும், அவள் அதிலிருந்து மீள்வதும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டன. கிளேரின் தாய் என்று நினைத்து வெர்ஜில் வைத்திருந்த ஓவியத்தின் பின்புறம் பில்லியின் கையெழுத்து இருக்கும் காட்சிதான் எனக்குப் படத்தின் மிகக் கொடூரமான இடம். காலி அறையைப் பார்த்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அத்தனை ஓவியங்களை ஒரே பார்வையில் எடைபோட்டவர், தன் நண்பன் வரைந்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறார்.

இடைக்குறிப்பாக ஒன்று: பில்லியாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட் 1976இல் இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் படத்தில், காதல் லீலைகளுக்குப் பேர்போன காஸனோவாவாக நடித்தவர். அந்தப் பழைய காஸனோவா இங்கே நரைத்த தாடியோடு உட்கார்ந்து வேறொருவனுக்குப் போலிக் காதல் ஏற்பாடு செய்கிறார். இத்தாலியப் பார்வையாளர்கள் இதைக் கவனித்து உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்து, பல்சக்கரங்கள். கிளேரின் மாளிகையில் ஒவ்வொரு முறை போகும்போதும் துருப்பிடித்த இயந்திரத் துண்டுகள் சில வெர்ஜிலின் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் இளைஞன் ராபர்ட்டிடம் கொண்டுபோகிறார். அவன் அவற்றைச் சேர்த்துச் சேர்த்து, இது ழாக் டி வோகான்சன் செய்த தானியங்கி மனிதன் என்று கண்டுபிடிக்கிறான். வோகான்சன் கற்பனை மனிதர் அல்ல. 1709இல் கிரனோபிளில் பிறந்தவர். 1738இல் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மையைப் பாரீசில் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் காட்டிய வாத்து தானியத்தைத் தின்று, செரித்து, கழிவை வெளியே தள்ளும் என்று ஊரெல்லாம் பேச்சு. பின்னால்தான் குட்டு வெளிப்பட்டது. வாத்து எதையும் செரிக்கவில்லை. உள்ளே போன தானியம் ஒரு பெட்டியில் தங்கிவிடும். முன்கூட்டியே தயாரித்து வேறிடத்தில் வைத்திருந்த பசைதான் பின்பக்கம் வரும். ஐரோப்பாவையே வியக்கவைத்த இயந்திரத்தின் மையமான அற்புதம் ஒரு மோசடி. தோர்னத்தோரே எத்தனையோ இயந்திரவியலாளர்கள் இருக்க வோகான்சனைப் பிடித்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அதே நூற்றாண்டில், 1770இல், வியன்னா அரசவையில் கெம்பெலன் காட்டிய சதுரங்கம் ஆடும் துருக்கியன் பொம்மையும் இப்படித்தான். அதற்குள் ஆள் ஒளிந்திருந்தான். படத்தில் மாளிகைக்கு எதிரே இருக்கும் சிற்றுண்டிக் கடையில் எண்களை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குள்ளமான பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாளிகையின் சொந்தக்காரி, உண்மையான கிளேர், அவள்தான்.

இந்தப் பெண் விஷயத்தில்தான் திரைக்கதையின் நேர்மை தெரிகிறது. அவளை ஒளிக்கவே இல்லை. வெர்ஜில் அந்தக் கடைக்குள் போகிறபோதெல்லாம் பின்னணியில் இருக்கிறாள். எதையும் எண்ணி நினைவில் வைத்துக்கொள்ளும் திறமையும் நமக்கு முன்பே காட்டப்படுகிறது. வெர்ஜில் அவளைப் பார்க்காததற்கும் நாம் பார்க்காததற்கும் ஒரே காரணம்: இருவருமே சுவருக்குப் பின்னால் இருக்கும் அழகியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம். தெருவைக் கடந்து நான்கு வார்த்தை பேசியிருந்தால் கதை முடிந்திருக்கும். வீட்டைச் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதாகவும், சாமான்கள் வருவதும் போவதுமாக இருந்ததாகவும், வெளியே வரவே முடியாத அந்தப் பெண் எத்தனை முறை வெளியே போய் வந்தாள் என்பதையும் அவள் எண்ணிக்கையோடு சொல்கிறாள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. கிளேர் காதலித்தாளா?

காதலித்தாள் என்று சொல்பவர்கள் இரண்டு தடயங்களைக் காட்டுவார்கள். ஒன்று, நமக்கு என்ன நடந்தாலும் நான் உங்களைக் காதலிக்கிறேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் சொல்லும் இடம். திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரம் அது. அந்த வாக்கியம் இல்லாமலே ஓவியங்கள் கைக்கு வந்திருக்கும். இரண்டாவது, பிராகா நகரம். தான் மகிழ்ச்சியாக இருந்தது அங்கே, வானியல் கடிகாரம் இருக்கும் சதுக்கத்தில், 'இரவும் பகலும்' என்ற உணவகத்தில் என்று அவள் ஒருமுறை சொல்கிறாள். எல்லாம் பொய்யென்று தெரிந்த பிறகு வெர்ஜில் பிராகாவுக்குப் போகிறார். அந்த உணவகம் அங்கே இருக்கிறது. அவள் சொன்னவற்றில் அது ஒன்று பொய்யில்லை.

எல்லாம் நடிப்பு என்பவர்கள் கேட்பது: நல்ல பொய் எது? நடுவில் ஒரு நிஜமான விவரம் இருக்கிற பொய். உணவகம் இருப்பதால் காதல் இருந்ததாகிவிடுமா?

நான் இரண்டு பக்கமும் முழுதாகச் சேர மாட்டேன். வெர்ஜில் தன் தொழில் அனுபவத்தில் சொல்லும் ஒரு விதி படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போலியிலும் உண்மையான ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும், பிறர் படைப்பை நகலெடுப்பவனால் தன்னுடைய அடையாளம் ஒன்றை அதில் விடாமல் இருக்க முடியாது என்பது அந்த விதி. கடைசியில் காலி அறையில் நிற்கும் இயந்திர மனிதன் இதையே ராபர்ட்டின் குரலில் அவருக்குத் திருப்பிச் சொல்கிறது, உங்களைப் பிரிவது வருத்தம் என்ற பொருளில் முடிக்கிறது. கேலியா, மன்னிப்பா என்று பிரிக்க முடியாத குரல். அந்த விதியைக் கிளேருக்குப் பொருத்தினால், பிராகா உணவகம் அவள் தன்னை அறியாமல் போட்டுவிட்ட கையெழுத்து. அது அவளுடைய உண்மை. ஆனால் அது வெர்ஜிலைப் பற்றிய உண்மை என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போலிக்காரன் ஓவியத்தின் ஓரத்தில் விட்டுச்செல்லும் சின்னம் அவனைப் பற்றித்தான் சொல்லும், ஓவியத்தை வாங்கியவனைப் பற்றிச் சொல்லாது. வெர்ஜில் அந்தக் கையெழுத்தைக் காதல் கடிதமாக வாசிக்கிறார். எனவே என் பதில்: கிளேருக்குள் ஏதோ தடுமாறியது, அது உண்மை. அதற்குக் காதல் என்று பெயர் வைத்தது அவர்.

கடைசிக் காட்சிக்கும் இதே பதில்தான். உணவகம் முழுக்கக் கடிகாரங்களும் பல்சக்கரங்களும். பணியாள் வந்து தனியாகவா என்று கேட்கிறார். ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்கிறார் வெர்ஜில். அவள் வருவாளா என்று படம் சொல்லாது. இதற்கு முன்னால் சிகிச்சை நிலையத்தில், சக்கரம் போல் சுழலும் கருவியில் அவர் கட்டப்பட்டிருக்கும் காட்சிகள் வருகின்றன. அவையும் பிராகா காட்சிகளும் மாறி மாறி வெட்டப்பட்டிருப்பதால், எது முதலில் நடந்தது என்று சிலர் வாதிடுவதுண்டு. குணமாகிப் பிராகாவுக்குப் போனாரா, பிராகாவில் காத்திருந்து உடைந்து அங்கே சேர்ந்தாரா? இரண்டாவது வாசிப்பு இன்னும் கொடூரமானது. படத்தொகுப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எனக்கு முதலாவதுதான் இயல்பாகப் படுகிறது. காரணம் எளிது, வாழ்நாள் முழுக்க உணவகத்தில் தனியாகச் சாப்பிட்ட மனிதர் இவர்.

இந்த இடத்தில் ஆரம்பத்தில் வரும் உணவகக் காட்சியைச் சொல்லியாக வேண்டும். வெர்ஜிலுக்கென்றே ஒதுக்கிய மேசை. அவருக்கென்றே தனித் தட்டு, தனிக் கிண்ணம். கையுறையைக் கழற்றாமல் சாப்பிடுகிறார். உணவகத்தார் பிறந்தநாள் கேக்கை மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு, பிறந்தநாள் நாளைக்குத்தான், நள்ளிரவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். தொடவில்லை. மெழுகுவத்தி அவருக்கு முன்னால் உருகிக்கொண்டே இருக்கிறது. வெர்ஜிலாக நடித்த ஜெஃப்ரி ரஷ் அந்தக் காட்சியில் எதுவுமே செய்வதில்லை, வெறுமனே பார்க்கிறார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் எவ்வளவு அபத்தமான ஒழுங்கோடு வாழ்கிறார் என்பது வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. தொலைபேசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பேசுவதும், அலமாரி நிறைய வரிசையாகக் கையுறைகள் இருப்பதும் இதோடு சேரும். பெண்களை ஓவியத்தில் மட்டும் பார்த்த மனிதர், கிளேரைத் தொடும்போது கையுறை இல்லை. மோசடியின் செலவு அவருக்கு ஓவியங்கள் மட்டும்தானா என்று இதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நிகர லாபம் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிளேர் பாத்திரம் எழுத்தில் மெலிந்தது. சுவருக்குப் பின்னால் குரலாக இருக்கும் வரை அவள் மர்மம். வெளியே வந்த பிறகு கோபம், அழுகை, மன்னிப்பு என்று ஒரே வட்டத்தில் சுற்றுகிறாள். சில்வியா ஹோக்ஸ் தன்னால் முடிந்ததைச் செய்கிறார், ஆனால் படத்தின் நடுப்பகுதி இழுக்கிறது. வயது வித்தியாசத்தைப் படம் வேண்டுமென்றே உறுத்தலாக வைத்திருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக உறுத்தாமல் போய்விடாது. இன்னொன்று, தர்க்க ஓட்டைகள். இத்தனை மாதம், இத்தனை பேர், இத்தனை செலவில் நடக்கும் நாடகத்தில் ஒரே ஒரு தற்செயல் எல்லாவற்றையும் கவிழ்த்திருக்கும். மழை இரவில் வெர்ஜில் அடிபட்டு விழுந்து, கிளேர் ஓடிவரும் காட்சியும் ஏற்பாடுதான் என்றால், அடி கொஞ்சம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊரறிந்த ஓவியங்களை அவர்கள் எங்கே விற்பார்கள்? படம் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. காவல்துறைப் படமாகப் பார்த்தால் தேறாது.

இத்தாலியில் இதற்கு நல்ல வரவேற்பு. 2013 ஜனவரி 1 அன்று அங்கே வெளியானது. அந்த ஆண்டு இத்தாலியின் முக்கியத் திரைப்பட விருதுகளான டேவிட் டி டொனாடெல்லோ விருதுகளில் சிறந்த படம், இயக்கம், இசை உட்பட ஆறு விருதுகள். இசை என்னியோ மொரிகோனே. 'சினிமா பாரடைசோ' (1988) காலத்திலிருந்து தோர்னத்தோரேயோடு இருந்தவர். ரகசிய அறைக்கு அவர் போட்ட இசையில் பெண் குரல்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல எழுந்து, பிறகு ஒன்றாகச் சேரும். சுவரில் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல இருக்கும். இந்தப் படத்துக்காக அவருக்கு ஐரோப்பியத் திரைப்பட விருதும் கிடைத்தது. முடிந்தால் நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள், கைப்பேசியில் அந்தக் குரல்கள் குழம்பிவிடும்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் ராபர்ட்டை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பெண்களிடம் எப்படிப் பேசுவது, எப்போது பூக்கொத்து கொடுப்பது, எப்போது விலகி நிற்பது என்று வெர்ஜிலுக்கு அவன்தான் சொல்லித் தருகிறான். முதல் முறை பார்க்கும்போது அது நட்பு. இரண்டாம் முறை, ஒருவன் இயந்திரத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். இன்னொன்று: இத்தாலியப் படம் என்பதால் இத்தாலிய ஒலித்தடத்தைத் தேடிப் போக வேண்டாம். இது ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட படம், ரஷ்ஷின் குரலைக் கேட்பதற்கு அதுதான் வழி.